சூரிச் எதற்கு விலை உயர்ந்தது, கிராக்கூவ் எதற்கு மலிவு: ஐரோப்பிய நகரங்களில் பயணியின் செலவுக் கணக்கு

ஐரோப்பாவுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் தேடிப் பார்ப்பது விலைவாசிப் பட்டியலைத்தான். "உலகிலேயே செலவு மிகுந்த நகரங்கள்" என்று ஆண்டுதோறும் ஒரு வரிசை செய்தித்தாள்களில் வெளியாகிறது. சூரிச்சும் ஜெனிவாவும் அதில் முதல் சில இடங்களை விட்டு இறங்குவதே இல்லை. அதைப் பார்த்துவிட்டுச் சுவிட்சர்லாந்தே வேண்டாம் என்று பயணத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியல்கள் பயணிக்காகத் தயாரிக்கப்பட்டவை அல்ல. ஓர் ஊழியரை வெளிநாட்டுக்கு மாற்றும் கம்பெனி அவருக்கு எவ்வளவு படி தர வேண்டும் என்று கணக்குப் போடுவதற்காகவே மெர்சர் போன்ற நிறுவனங்கள் அவற்றை வெளியிடுகின்றன. இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்கள், சேவைகளின் விலையைத் திரட்டி, நியூயார்க்கை அளவுகோலாக வைத்து ஒப்பிடுகிறார்கள். வீட்டு வாடகையும் அதில் அடக்கம். நான்கு நாள் தங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும் குடும்பத்துக்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பு மிகக் குறைவு.

ஜெர்மனியில் வேலை பார்ப்பதால், ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பாரிஸ் செலவா, ரோம் செலவா? ஒரு நகரம் மொத்தத்தில் விலை உயர்ந்ததா என்று கேட்பதைவிட, அது எதற்கு விலை உயர்ந்தது, எதை ஏறத்தாழ இலவசமாகவே தருகிறது என்று கேட்பதுதான் பயணிக்குப் பயன்படும் என்பது நான் பார்த்துப் பார்த்து அடைந்த முடிவு. மனித உழைப்பு அதிகம் சேரும் எதுவும் கூலி உயர்ந்த ஊரில் விலை ஏறித்தான் இருக்கும். பொதுப் பணத்தில் நடப்பவை, கடை அலமாரியிலிருந்து நாமே எடுத்துக்கொள்பவை ஆகியவற்றின் விலை ஊருக்கு ஊர் அந்த அளவுக்கு மாறுவதில்லை. சில சமயம் பணக்கார ஊரில்தான் அவை மலிவு.

சூரிச்சையே எடுத்துக்கொள்வோம். உணவகத்தில் உட்கார்ந்து சாதாரண பீட்ஸா ஒன்று சாப்பிட்டால் 25 சுவிஸ் ஃபிராங்கைத் தொட்டுவிடும். என் அத்தான் இதைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியிலேயே, "ஏன் மாப்ளே, ஒரு பீட்ஸாவுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேலயா? பகல் கொள்ளையா இல்ல இருக்கு!" என்றார். அவருடைய கோபம் எனக்குப் புரிந்தது, ஆனால் அதைக் கொள்ளை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஜெனிவா மாநிலம் 2020இல் மணிக்கு 23 ஃபிராங்க் என்று குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்கியது. இன்று அது 24ஐத் தாண்டிவிட்டது. சூரிச்சிலும் கூலி நிலவரம் இதற்கு அதிகம் கீழே இல்லை. அந்த பீட்ஸாவைச் சுட்டவருக்கும், பரிமாறியவருக்கும், தட்டைக் கழுவியவருக்கும் போய்ச் சேரும் பணம் அந்த விலைக்குள் இருக்கிறது. சேவைக் கட்டணமும் 1974 முதல் விலையிலேயே அடங்கிவிடுவதால் மேற்கொண்டு டிப்ஸ் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. இதோடு நாணயத்தின் கதையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு யூரோவின் மதிப்பு 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் தாங்கிப் பிடித்திருந்த சுவிஸ் மத்திய வங்கி, 2015 ஜனவரி 15 அன்று முன்னறிவிப்பின்றி அந்தப் பிடியை விட்டது. ஃபிராங்கின் மதிப்பு அன்றே எகிறியது. பக்கத்து நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குச் சுவிட்சர்லாந்து ஒரே நாளில் இன்னும் தூரமான ஊராகிவிட்டது.

அதே சூரிச்சில் தெருவுக்குத் தெரு ஊற்றுத் தொட்டிகள் இருக்கின்றன. நகரம் முழுக்க 1,200க்கும் மேல். கல்லில் செதுக்கிய தொட்டி, நடுவே ஒரு தூண், தூணிலிருந்து இரவு பகலாக விழும் தண்ணீர். அலுவலகம் போகிறவர்கள் பையிலிருந்து குப்பியை எடுத்து நிரப்பிக்கொண்டு நடையைக் கட்டுவதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம். கோடையில் உணவகத்தில் வாங்கும் ஒரு பாட்டில் தண்ணீரின் விலையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மிக்ரோ, கூப் ஆகிய இரண்டு பெரிய சூப்பர்மார்க்கெட்டுகளிலும் ரொட்டி, பாலாடைக்கட்டி, தயிர், பழம், சாலட் எல்லாம் கிடைக்கும். ஜெர்மனியை விடச் சற்றுக் கூடுதல் விலைதான் என்றாலும் பயணத் திட்டத்தையே கவிழ்த்துவிடும் அளவுக்கு இல்லை. பகலுணவை அங்கே வாங்கி ஏரிக்கரைப் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவது சூரிச்காரர்களே நாள்தோறும் செய்வது. சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்காக ஒரு செய்தி: 1898இல் தொடங்கிய ஹில்ட்ல் என்ற சைவ உணவகம் இன்றும் அந்நகரில் நடக்கிறது. வேண்டியதைத் தட்டில் எடுத்து, எடை போட்டுப் பணம் கட்டலாம். மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் போலந்தின் கிராக்கூவ் இருக்கிறது. அங்கே குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏறத்தாழ 30 ஸ்லோட்டி, அதாவது ஏழு யூரோவுக்குச் சற்று மேல். ஜெனிவாவில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே அங்கே சமைத்துப் போட்ட சாப்பாடு மலிவு; வெளியே சாப்பிடுவதற்கு யோசிக்கவே வேண்டியதில்லை. குறிப்பாக "பார் ம்லெச்னி" என்ற பால் உணவகங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி, கம்யூனிச ஆட்சிக் காலத்தில் தொழிலாளர்களின் சாப்பாட்டுக் கூடமாக நாடெங்கும் பரவிய இவற்றுக்கு அரசு இன்றும் மானியம் தருகிறது. சுவரில் மாட்டிய பலகையில் விலைப்பட்டியல் இருக்கும். கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்கி, சமையலறைச் சன்னலில் நீட்டினால், கொழுக்கட்டை போல மடித்து வேகவைத்த பியெரோகியைத் தட்டில் போட்டு, மேலே வதக்கிய வெங்காயத்தைத் தூவித் தருவார்கள். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் அடைத்த "ருஸ்கியெ" வகையைச் சைவர்கள் கேட்கலாம். வெங்காயத்தோடு பன்றிக்கொழுப்பும் சேர்ப்பதுண்டு என்பதால் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வது நல்லது. பக்கத்து மேசையில் ஓய்வூதியக்காரப் பாட்டி ஒருத்தி பீட்ரூட் சூப்பைக் குடித்துக்கொண்டிருப்பார், எதிரே கல்லூரி மாணவர்கள் இருப்பார்கள், சாப்பிட்ட தட்டை அவரவரே எடுத்துக்கொண்டுபோய் வைப்பார்கள். கூலி குறைந்த நாட்டில், அரசு மானியமும் சேர்ந்து, பரிமாறுகிறவரின் உழைப்பும் மிச்சப்பட்டால் விலை எவ்வளவு இறங்கும் என்பதற்கு ஐரோப்பாவில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

கிழக்கே போனாலே மலிவு என்ற எண்ணமும் எல்லா இடத்திலும் பலிக்காது. ப்ராகின் பழைய நகரச் சதுக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தால் மேற்கு ஐரோப்பாவின் விலைதான். நான்கைந்து நிறுத்தம் டிராமில் தள்ளிப் போனால்தான் செக் நாட்டு விலை தெரியும். அங்கே பயணியின் பணம் அதிகம் கரைவது நாணய மாற்றத்தில். செக் கொருனா, ஹங்கேரியின் ஃபோரின்ட், போலந்தின் ஸ்லோட்டி என யூரோவுக்கு வெளியே உள்ள நாணயங்களை மாற்றித் தரும் கடைகள் சுற்றுலாத் தெருக்களில் வரிசையாக இருக்கும். "கமிஷன் இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு மாற்று விகிதத்திலேயே கை வைத்துவிடும் கடைகளும் அவற்றில் உண்டு. இந்தத் தொல்லை முற்றியதால் செக் அரசு 2019இல் சட்டத்தைத் திருத்தி, 1,000 யூரோ வரையிலான மாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்யும் உரிமையை வாடிக்கையாளருக்குக் கொடுத்தது. ஏ.டி.எம்.மிலும் கடையின் கார்டு மெஷினிலும் "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா?" என்று திரையில் கேள்வி வரும். ரூபாயில் தொகையைப் பார்த்ததும் நமக்கு ஒரு நிம்மதி தோன்றும். அதை நம்பி ஒப்புக்கொண்டால் மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரரே தமக்குச் சாதகமாக வைத்துக்கொள்வார். எந்த நாடானாலும் அந்த நாட்டு நாணயத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். ஹோட்டல் அறையில் பேரம் பேசி மிச்சம் பிடிப்பதைவிட இந்த ஒரு பொத்தான் அதிகம் மிச்சம் பிடித்துத் தரும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது அருங்காட்சியகக் கட்டணத்தை. லண்டன் என்றாலே செலவு என்று பயப்படுகிறோம். அறை வாடகையைப் பொறுத்தவரை அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் பிரிட்டிஷ் மியூசியம், நேஷனல் கேலரி, டேட் மாடர்ன், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், இயற்கை வரலாற்று மியூசியம், அறிவியல் மியூசியம் ஆகிய எதிலும் நிரந்தரக் காட்சிகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இவற்றுள் கட்டணம் வசூலித்துவந்தவையும் 2001 டிசம்பரிலிருந்து இலவசமாயின. இதற்குப் பக்கத்திலேயே பாரிஸை வைத்துப் பாருங்கள். லூவர் அருங்காட்சியகத்துக்கு 2024இல் 22 யூரோவாக உயர்ந்த கட்டணம், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு (ஐரோப்பிய ஒன்றியமும் நார்வே போன்ற சில நாடுகளும்) வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 2026 ஜனவரி முதல் 32 யூரோ. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம் என்பதால் பிள்ளைகளுக்குக் கவலையில்லை, ஆனாலும் கணவன் மனைவி இருவருக்கும் 64 யூரோ ஒரே காலையில் போய்விடும். தொலைவிலிருந்து வருகிறவரிடம் கூடுதலாக வாங்கும் இந்த முறை எனக்கு உடன்பாடானதல்ல. எகிப்திலிருந்தும் மெசபடோமியாவிலிருந்தும் போய்ச் சேர்ந்த பொருள்களைப் பார்க்க, எகிப்தியரும் ஈராக்கியரும் பிரெஞ்சுக்காரரைவிட அதிகம் கட்ட வேண்டும் என்பதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

ஏதென்ஸும் இப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது. சாப்பாடும் மெட்ரோவும் மலிவான அந்த நகரத்தில் அக்ரோபோலிஸ் கட்டணம் மட்டும் 2025 ஏப்ரல் முதல் 30 யூரோ. முன்பு குளிர்காலத்தில் இருந்த பாதிக் கட்டணச் சலுகையும் போயிற்று. நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. இஸ்தான்புல்லில் துருக்கி நாணயமான லிரா வீழ்ந்துகொண்டே இருப்பதால் எல்லாமே மலிவாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களை பழைய தேவாலயமும் இன்றைய மசூதியுமான ஹாகியா சோஃபியாவின் வாசல் நிறுத்திவிடும்; வெளிநாட்டுப் பயணிகளுக்கு 2024 ஜனவரி முதல் 25 யூரோ. நாணயம் விழுந்தால் கட்டணத்தை யூரோவில் வைத்துவிடுவது அவர்கள் கண்டுபிடித்த வழி. மாட்ரிட் இந்த விஷயத்தில் பெருந்தன்மையான ஊர். பிராடோ அருங்காட்சியகம் திங்கள் முதல் சனி வரை மாலை ஆறு முதல் எட்டு வரையும், ஞாயிறு ஐந்து முதல் ஏழு வரையும் எல்லாருக்கும் இலவசம். வரிசை நீளமாக இருக்கும், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்தில் வெலாஸ்கஸ், கோயா ஓவியங்கள் உள்ள அறைகளையாவது நிதானமாகப் பார்த்துவிடலாம்.

போக்குவரத்தைப் பற்றி நீட்டி எழுத அதிகமில்லை. லக்சம்பர்க் நாடு முழுவதும் பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் மூன்றும் 2020 பிப்ரவரி 29 முதல் எல்லாருக்கும் இலவசம், பயணிக்கும்தான். லண்டனில் பாதாள ரயிலை விட்டுவிட்டு சிவப்புப் பஸ்ஸில் ஏறினால் 1.75 பவுண்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். நாள் முழுக்கச் சுற்றினாலும் 5.25 பவுண்டுக்கு மேல் பிடிக்காது. வெனிஸ்தான் இதற்கு விலக்கு. அங்கே தண்ணீர்ப் பஸ்ஸில் ஒரு முறை ஏற 9.50 யூரோ, அதுவும் 75 நிமிடத்துக்குத்தான். உள்ளூர்க்காரர்களுக்கு மிகக் குறைந்த தனிக் கட்டணம் உண்டு. வெனிஸில் நடந்தே எல்லா இடத்துக்கும் போய்விடலாம் என்பதால் இதைத் தவிர்ப்பது கடினமில்லை. பெருங்கால்வாயின் மறு கரைக்குப் போக மட்டும், "திராகெத்தோ" என்ற கடத்துப் படகில் இரண்டு யூரோ கொடுத்து ஏறிக்கொள்ளலாம். கொண்டோலாவில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ கொடுக்க மனமில்லாதவர்கள் அதே வகைப் படகில் ஓரிரு நிமிடமாவது மிதந்த நிறைவு இதில் கிடைக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை ஐரோப்பியப் பயணத்தின் செலவைத் தீர்மானிப்பது எந்த ஊரில் சாப்பிடுகிறோம் என்பதைவிட எந்த வேளையில் சாப்பிடுகிறோம் என்பதே. வேலைக்குப் போகிறவர்களுக்காக ஒவ்வொரு நாட்டிலும் ஒரு மதியச் சாப்பாட்டு ஏற்பாடு இருக்கிறது. சுவீடனின் ஸ்டாக்ஹோமில் இரவு உணவுக்கு உணவகத்தில் நுழையவே தயங்க வேண்டும். அதே உணவகத்தில் வார நாள்களில் பதினொன்று முதல் இரண்டு மணி வரை "இன்றைய மதிய உணவு" என்று எழுதிப் போட்டிருப்பார்கள், 130 முதல் 160 குரோனாவுக்குள் பிரதான உணவு, வேண்டிய அளவு சாலட், ரொட்டி, கடைசியில் காபி வரை அடக்கம். ஸ்பெயினில் "மெனு தெல் தியா" என்பது 1960களில் அரசே விதித்த ஏற்பாடாகத் தொடங்கியது. இரண்டு பதார்த்தம், ரொட்டி, குடிக்க ஏதாவது, இனிப்பு எல்லாம் சேர்த்துப் பல ஊர்களில் இன்றும் 15 யூரோ அளவில் கிடைக்கிறது. கிரனாடாவில் ஒரு குவளை பானம் வாங்கினால் கூடவே ஒரு சிறு தட்டு உணவு விலையில்லாமல் வரும். டென்மார்க்கில் மட்டும் இந்த வழிகளும் ஓரளவுக்குத்தான் உதவும். உணவுப் பொருளுக்குக்கூட 25 சதவீத மதிப்புக்கூட்டு வரி போடும் நாடு அது.

மேசையில் உட்கார்ந்த பிறகு எதற்குப் பணம், எதற்கு இல்லை என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். இத்தாலியில் காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு யூரோ சொச்சம்; அதையே வெனிஸின் சான் மார்க்கோ சதுக்கத்தில் மேசையில் உட்கார்ந்து, இசைக் குழுவின் வாசிப்போடு குடித்தால் பல மடங்கு. இத்தாலிய உணவகங்கள் பலவற்றில் தலைக்கு இவ்வளவு என்று "கொப்பெர்த்தோ" கட்டணம் பில்லில் சேரும். லிஸ்பனில் நாம் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் மேசைக்கு வரும். தொட்டால் பணம், தொடாவிட்டால் பணமில்லை, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பிரான்ஸில் சாப்பிட உட்கார்ந்தவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். "கராஃப் தோ" என்று கேட்டால் போதும். நான் வாழும் ஜெர்மனியில் அப்படிக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். தண்ணீரும் பில்லில் வரும். நம் சாப்பாடு இல்லாமல் தாங்காதவர்களுக்குப் பாரிஸின் லா ஷாப்பெல் பகுதி பெரிய ஆறுதல். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து வந்தவர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. வடக்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், பாரிஸ் நகரின் சராசரி விலையில் பாதிக்கும் குறைவாகத் தோசையும் கொத்துரொட்டியும் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

எல்லாவற்றையும் விட அதிகம் விழுங்குவது படுக்கை. அதன் விலை ஊரை மட்டும் பொறுத்ததல்ல, நாளையும் பொறுத்தது. மியூனிக்கில் செப்டம்பர் பிற்பாதியில் தொடங்கும் பீர்த் திருவிழாவின்போது அறை கிடைப்பதே அரிது. ஃபிராங்க்பர்ட்டில் அக்டோபர் புத்தகக் கண்காட்சி வாரமும் அப்படியே. இந்த ஒரு செய்தியை அறை தேடும் முன் பார்த்துக்கொண்டால் போதும், பாதிச் சுமை குறையும். அலுவலகங்கள் நிறைந்த நகரங்களில் வார நாள்களில் அறை விலை ஏறி, வெள்ளி இரவிலிருந்து இறங்கும். பிரஸ்ஸல்ஸ், லக்சம்பர்க், ஃபிராங்க்பர்ட், சூரிச் எல்லாம் இந்த வகை. சுற்றுலாவை நம்பிய ப்ராக், வெனிஸ், லிஸ்பன் போன்றவற்றில் சனிக்கிழமைதான் உச்சம். எனவே வாரக் கடைசியைப் பிரஸ்ஸல்ஸிலும் செவ்வாய், புதனை வெனிஸிலும் வைத்து வரிசையை மாற்றினாலே ஒரு குடும்பத்துக்குக் கணிசமான தொகை மிஞ்சும். ஆம்ஸ்டர்டாமில் இதுவும் போதாது. அங்கே நகரச் சுற்றுலா வரி மட்டுமே அறை வாடகையில் 12.5 சதவீதம், அதற்கு மேல், தங்குமிடத்துக்கான மதிப்புக்கூட்டு வரியை நெதர்லாந்து அரசு 2026 ஜனவரியில் 9இலிருந்து 21 சதவீதமாக்கிவிட்டது. சுற்றுலா வரி சில சமயம் முன்பதிவின்போது காட்டும் தொகையில் சேர்ந்திருக்காது, ஹோட்டலில் போய்த்தான் கேட்பார்கள். ஹார்லெம் போன்ற பக்கத்து ஊரில் தங்கி இருபது நிமிடத்துக்குள் ரயிலில் வந்துவிடலாம். ஆனால் நான்கு பேருக்குத் தினசரி ரயில் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு வேறொரு செலவும் உண்டு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளைகளுக்கு 45 யூரோ; மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது. லண்டனையும் சேர்த்தால் தனி விசா, தனிக் கட்டணம். அருங்காட்சியகங்கள் இலவசம் என்பதற்காக லண்டனைச் சேர்ப்பவர்கள் இந்தத் தொகையை அந்தக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும். நான்கு பேருள்ள குடும்பத்துக்கு இரண்டு நாள் லண்டன் கட்டுப்படியாகாது, ஒரு வாரமாவது தங்கினால்தான் கட்டுப்படியாகும். மாறாக, ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியிலிருந்து முழுமையாக ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. பாரிஸுக்கு வாங்கிய அதே விசாவில், இருக்கும் நாள் கணக்குக்குள், பல்கேரியத் தலைநகர் சோஃபியாவுக்கும் போகலாம். 2026 ஜனவரி முதல் பல்கேரியாவிலும் யூரோதான் என்பதால் நாணயம் மாற்றும் தொல்லையும் இல்லை. அக்கா குடும்பத்துக்கு நான் போட்டுக் கொடுத்திருக்கும் திட்டத்தில் பாரிஸில் ஒரு நாளைக் குறைத்து, சோஃபியாவில் மூன்று நாளைச் சேர்த்திருக்கிறேன். சூரிச்சையும் திட்டத்திலிருந்து நீக்கவில்லை. வெள்ளி இரவு அங்கே போய் ஞாயிறு மாலை கிளம்பும்படி வைத்திருக்கிறேன். அத்தானிடம் தண்ணீர்க் குப்பி மட்டும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.